சிராங்கூன் சாலையில் ஒரு சின்னக் கணக்கு

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் எல்லோரும் ஆர்ச்சர்ட் ரோடு பளபளப்பைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ சிராங்கூன் சாலைதான் பிடித்தது. வீரமாகாளியம்மன் கோயில் மணியோசை, கேம்பல் லேனில் வரிசையாகத் தொங்கும் பூமாலைகள், தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை... பெண்ணின் பிரசவத்துக்காகப் போயிருந்த எனக்கு ஊர் ஏக்கமே வரவில்லை!

பேரக் குழந்தைக்குச் சட்டை, துண்டு, தொட்டில் விரிப்பு எல்லாம் என் சேமிப்பிலிருந்துதான் என்று பிடிவாதமாக இருந்தேன். நூறு டாலர் ஆயிற்று. கார்டைக் கொடுத்ததும் மெஷினில் இரண்டு தொகை தெரிந்தது. 100 சிங்கப்பூர் டாலர். பக்கத்திலேயே 6,890 இந்திய ரூபாய்.

"ரூபாயிலேயே போட்டுடறேன் ஆன்ட்டி, உங்களுக்குக் கணக்கு ஈஸி" என்றான் கடைப் பையன்.

"வேண்டாம்மா, டாலர்லயே போடச் சொல்லு" என்று குறுக்கிட்டாள் என் பெண்.

வீட்டுக்கு வந்து பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். ரூபாயில் காட்டும்போது மாற்று விகிதத்தை வைப்பது நம் வங்கியல்ல. கடைக்காரருடைய வங்கியோ, அதற்கென்றே உள்ள நிறுவனமோ. அவர்கள் லாபம் அந்த விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கடைக்கும் அதில் பங்கு உண்டு. (பையனுக்கு ஏன் அத்தனை கரிசனம் என்று புரிகிறதா?) போதாக்குறைக்கு, கடை வெளிநாட்டில் இருக்கிறது என்று நம் ஊர் வங்கிகள் சில தனிக் கட்டணமும் பிடிப்பதுண்டு.

டாலரில் போட்டால் மட்டும் சும்மாவா? அன்று டாலர் 65 ரூபாய், நூறுக்கு 6,500. என் கார்டுக்கு மாற்றுக் கட்டணம் மூன்றரை சதவீதம், அதாவது 227 ரூபாய் 50 காசு. அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஏறக்குறைய 41 ரூபாய். மொத்தம் 6,768 சொச்சம். அப்படியும் 120 ரூபாய்க்கு மேல் மிச்சம். இரண்டு மாதம் தினம் ஏதாவது வாங்கினால் எவ்வளவு ஆகும், நீங்களே போட்டுப் பாருங்கள்!

புறப்படுமுன் உங்கள் வங்கியில் இந்த மாற்றுக் கட்டணம் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்டுக்குக் கார்டு வித்தியாசம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை மட்டும் நினைக்கவே வேண்டாம். எடுத்த அன்றிலிருந்தே வட்டி.

ரயிலிலும் நம் ஊர்க் கார்டைத் தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் தட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு தனியாகப் பிடித்தார்கள். அதனால் என் பெண் எனக்கு ஈஸி லிங்க் அட்டை வாங்கித் தந்தாள். கைச்செலவுக்குத் தேக்கா பக்கத்துப் பணமாற்றுக் கடைகள். இரண்டு, மூன்று கடைப் பலகைகளைப் பார்த்துவிட்டு மாற்றுவேன். பூக்காரம்மாவிடம் சில்லறை கொடுத்து மல்லிகைச் சரம் வாங்கும்போது எந்தக் கட்டணமும் இல்லை. கூடவே ஒரு கண்ணி பூ கொசுறு!