வீட்டை ஓட்டிக்கொண்டு போனோம்!

அடுக்களை, படுக்கை, குளியலறை எல்லாவற்றையும் ஒரு வேனுக்குள் அடக்கி, கீழே சக்கரம் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதற்கு 'மோட்டார் ஹோம்' என்று பெயர். நியூஸிலாந்தில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடைக்காலம். அந்த மாதங்களில் எந்தச் சாலையில் திரும்பினாலும் இப்படி ஒரு வீடு எதிரே வரும். பெண், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன், நான் என்று நாலு பேர் போன பிப்ரவரியில் எட்டு நாள் அப்படி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தெற்குத் தீவின் கடற்கரை ஓரமாகச் சுற்றி வந்தோம்.

என் பெண் இருப்பது வெலிங்டனில். அங்கே தே பாப்பா என்ற பெரிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக ஒரு வெண்கல மணி இருக்கிறது. அதில் பொறித்திருப்பது தமிழ் எழுத்து! ஏதோ ஒரு தமிழ்க் கப்பலின் மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார் அதைக் கண்டபோது, மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு அதில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டு இருந்தார்களாம். கப்பல் எப்படி அங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மணி என்னவோ அடுப்பில் ஏறிவிட்டது. பெண்கள் கையில் கிடைத்தால் எதுவும் சமையல் பாத்திரம்தானே!

வெலிங்டனிலிருந்து பிக்டன் வரை கடல். வண்டியோடு கப்பலில் ஏறிவிடலாம். சுமார் மூன்றரை மணி நேரம். காஸ் சிலிண்டரை மூடிவிட்டு, வண்டியைக் கீழ்த்தளத்தில் விட்டு நாம் மேலே போய்விட வேண்டும். கடைசி ஒரு மணி நேரம் கப்பல் மலைகளுக்கு நடுவே, வளைந்து நெளிந்து போகும். எனக்குத் தலைசுற்றல் வருமோ என்று மாப்பிள்ளை எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். தேவைப்படவில்லை. மறுநாள் ரசத்துக்கு ஆயிற்று.

இப்போது ஒரு சங்கதி. பயணக் கட்டுரைகளில் யாரும் எழுதாததாயினும், நம் பெண்களுக்கு முக்கியமானது. வண்டிக்குள் இருக்கும் டாய்லெட்டுக்குக் கீழே பெட்டி போல ஒரு தொட்டி. ஓரிரு நாளைக்கு ஒரு முறை அதை வெளியே உருவி எடுத்து, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொட்டி அலச வேண்டும். முகாம்களில் தங்காமல் வெளியிடங்களில் இரவு நிறுத்தக் கழிவறை வண்டியிலேயே நிலையாகப் பொருத்தி இருக்க வேண்டும் என்று 2023-ல் சட்டமே கொண்டு வந்துவிட்டார்கள். கண்ட இடத்தில் அசுத்தம் ஆகக் கூடாதல்லவா? எல்லாம் சரி. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது யார்? மாப்பிள்ளை!

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மாப்பிள்ளை காபி டம்ளரைக் கழுவினாலே "நீங்க வைங்க" என்று வாங்கி வைக்கிறவள் நான். இந்தச் சங்கோசத்தில்தான் நம்மில் பலர் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. அப்புறம் சிறுநீர்க் கடுப்பு, தலைவலி, மலச்சிக்கல். எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்று இருந்தது. விடியற்காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு, "இதை எப்படித் திறக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க மாப்பிள்ளை" என்று போய் நின்றேன்.

"ஐயையோ, விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஒரு நாள், நான் ஒரு நாள்."

அவர் சிரித்துவிட்டார். பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது, இழுத்துக்கொண்டே போகலாம். நீல நிற மருந்து ஊற்றியிருப்பதால் நாற்றமும் அவ்வளவு இல்லை. ஐந்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் நான் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தேன். அந்தச் சின்ன வண்டிக்குள் எங்கள் இருவர் நடுவே இருந்த கூச்சமும் பாதி குறைந்தது.

சமையலுக்கும் அதே நியாயம்தான். "வீட்லதான் தினம் சமைக்கிறோம், இங்கயுமாம்மா?" என்று பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். காலை என் பொறுப்பு, ராத்திரி மாப்பிள்ளை, மத்தியானம் ரொட்டியும் பழமும். நான் பிரஷர் குக்கரை விடுவேனா? முகாமில் அது முதல் விசில் அடித்ததும் பக்கத்து வண்டிப் பெரியவர் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் பொங்கல் கொடுத்தேன். மிளகை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். வண்டி கிளம்புமுன் எல்லா அலமாரிக் கதவையும் தாழ் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது பேரன் வேலை. ஒரு வளைவில் துவரம்பருப்பு டப்பா பறந்த பிறகு கிடைத்த உத்தியோகம் அது.

நெல்ஸனைத் தாண்டி மாராஹாவ் என்ற சின்ன ஊர். அங்கே சாலை முடிந்து ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்கா ஆரம்பிக்கிறது. டாஸ்மன் என்ற டச்சு மாலுமி 1642-ல் அந்தப் பக்கம் வந்ததன் முந்நூறாவது ஆண்டில், 1942-ல் ஏற்படுத்தியது. நியூஸிலாந்தின் தேசியப் பூங்காக்களில் இதுதான் மிகச் சிறியது. கடற்கரையை ஒட்டிய நடைபாதை மொத்தம் 60 கிலோ மீட்டர். ஆங்கரேஜ் என்ற இடம்வரை படகில் போய், அங்கிருந்து 12 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமாக மாராஹாவுக்கு நடந்து திரும்புவதென்று திட்டம். நடுவில் கார் வரக்கூடிய சாலை எதுவும் கிடையாது.

"அம்மா, நீ வண்டியிலயே இருந்து படிச்சிட்டு இரேன். உன் முட்டி..." என்றாள் பெண்.

என் முட்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா? அறுபது வயது. எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று சென்னையில் டாக்டர் சொன்னபோதே, "உட்கார்ந்துவிட்டால் இன்னும் மோசம். தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள்" என்றும் சொல்லியிருந்தார். மூன்று மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக நேரே நீட்டி, பத்து எண்ணி இறக்கும் பயிற்சி. மொட்டை மாடியில் சாயங்கால நடை. பேரனைப் பார்த்துக்கொள்ளவும் வண்டிக்குக் காவல் இருக்கவுமா அதெல்லாம் செய்தேன்? "நானும் வரேன். முடியலேன்னா ஆங்கரேஜ்லயே உட்கார்ந்து சாயங்காலப் படகுல திரும்பிடறேன்" என்றேன். பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வந்தாள்.

படகு ஏறுவதே வேடிக்கை. தெருவிலேயே டிரெயிலரில் நிற்கும் படகில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு டிராக்டர் அதை இழுத்துக்கொண்டு போய்க் கடலுக்குள் இறக்கிவிடும்! அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கடல் மட்டம் நாலு மீட்டர் வரைகூட வித்தியாசப்படும். வடக்கே அவரோவா என்ற கழிமுகத்தை, நீர் முழுதும் வற்றுவதற்கு ஒன்றரை மணி முன்பிலிருந்து வற்றிய பின் இரண்டு மணி வரைதான் நடந்து கடக்கலாம். எங்கள் பாதையில் நல்ல வேளையாக அந்தத் தொல்லை இல்லை.

ஆங்கரேஜில் மஞ்சள் மணல், பச்சைத் தண்ணீர். அதை ரசிக்கக்கூட இல்லாமல் நான் எதிரே இருந்த ஏற்றத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். படகு திரும்பிப் போய்விட்டது. முதல் அரை மணி நல்ல ஏற்றம். இரண்டு கைக்கும் ஊன்றுகோல், பெண் முன்னால், மாப்பிள்ளை பின்னால். மேலே சேர்ந்ததும் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வீக்கமில்லை. அதற்குமேல் பாதை ஓரளவு சமம்; வண்டிப்பாதை போல அகலமாகவே போட்டிருக்கிறார்கள். மரம் போல ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்து குடை பிடிக்கும் பெரணிகள், இடது பக்கம் மரங்களின் இடுக்கில் கடல். வெக்கா என்று கோழி போல ஒரு பறக்காத பறவை. அசந்தால் ரொட்டிப் பையையே தூக்கிப் போய்விடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முட்டிக்குச் சிரமம். அங்கேதான் ஊன்றுகோல் கை கொடுத்தது.

ஆப்பிள்ட்ரீ பே என்ற குடாவில் செருப்பைக் கழற்றி அலையில் காலை வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்தோம். பேரனும் அவன் அப்பாவும் சிப்பி பொறுக்கப் போய்விட்டார்கள். அவள் கல்யாணமாகிப் போன இந்தப் பதினோரு வருஷத்தில் நானும் என் பெண்ணும் மட்டும் இப்படி உட்கார்ந்ததே இல்லை. அவள் அப்பாவைப் பற்றிப் பேசினோம். போனில் பேச முடியாதவை சில இருக்கின்றன அல்லவா? நாலு மணி நேரம் என்று பலகையில் போட்டிருந்த தூரத்துக்கு எங்களுக்கு ஆறு மணி ஆயிற்று. கடைசியில் மாராஹாவின் சேற்று நிலத்தின்மேல் போட்டிருக்கும் பாதையில் வரும்போது, "பாட்டி, நீ நடந்தே வந்துட்டே!" என்று பேரன் கத்தினான். அன்று ராத்திரி முட்டிக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். மறுநாள் படி இறங்கும்போது கொஞ்சம் வலி, அவ்வளவுதான்.

பிறகு கிழக்குக் கரையில் கைகோரா. 2016 நவம்பர் 14 நள்ளிரவுக்குப் பிறகு வந்த பூகம்பத்தில் (அளவு 7.8) கடலின் அடித்தளமே மேலே எழும்பிவிட்டதாம். நெடுஞ்சாலை ஓராண்டுக்கு மேல் மூடியிருந்து 2017 டிசம்பரில்தான் திறந்தது. பாறைகளில் கடல் நாய்கள் மூட்டை மூட்டையாகப் படுத்திருக்கின்றன. 20 மீட்டர் தள்ளியே நின்று பார்க்க வேண்டும். கரைக்கு அருகிலேயே கடல் மிக ஆழமாக இருப்பதால் திமிங்கிலங்கள் வருஷம் முழுதும் உண்டு. நாங்கள் போன அன்று காற்று அதிகம். படகு விடவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: ஊறுகாயோ பருப்போ எது கொண்டு போனாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள், மறைத்தால் 400 டாலர் அபராதம். இன்னொன்று, மணல் ஈ. கடுகளவுதான் இருக்கும், கடித்தால் அரிப்பு உயிரை எடுக்கும். பூச்சி மருந்து தடவாமல் கடற்கரையில் இறங்காதீர்கள். கடிப்பது பெண் ஈக்கள் மட்டும்தானாம். இதைச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை என் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தார். அன்று ராத்திரிப் பாத்திரம் முழுதும் அவர்தான் தேய்த்தார்.