நகத்தில் வைத்தால் பிடிக்கணும்

துறையூரில் பஸ் ஏறி உப்பிலியபுரம் போகும்போது ஒரு பக்கம் பச்சைமலை, மறுபக்கம் கொல்லிமலை என்று இரண்டும் கூடவே வரும். ஊருக்குள் சலூன்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் சுழல் நாற்காலி, நடிகர் படங்கள், அரைப் பிளேடு மாட்டும் கத்தி. நான் தேடிப் போனதோ பிளேடு மாட்டாத கத்தி. கல்லில் தீட்டி, தோலில் இழுத்து, அதே இரும்பால் காலமெல்லாம் சவரம் செய்த ஒரு கையைப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் விசாரித்தபோது சலூன்காரர் ஒருவர் தன் பெரியப்பா வீட்டுக்கு வழி சொன்னார்.

பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. தொழிலை விட்டுவிட்டார், சவரச் சாமான் வைக்கும் அடப்பத்தை விடவில்லை. தகரப் பெட்டிக்குள் மூன்று கத்திகள், ஒரு கல், ஒரு தோல்வார், பித்தளைக் கிண்ணி. "எதுக்குத் தம்பி இதெல்லாம், யூடியூபுக்கா?" என்று கேட்டார். பத்திரிகைக்கு என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது போலிருந்தது.

கத்தி ஒன்றில் சோலிங்கன் என்ற ஜெர்மானிய ஊரின் முத்திரை பாதி தேய்ந்து நின்றது. தென்னிந்தியாவில் மண் மூசையில் உருக்கிய எஃகு உலகப் புகழ் பெற்றது. 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதை ஆராய்ந்து பார்த்தார்கள். அப்படியிருந்தும் கொல்லிமலை அடிவாரத்து அடப்பத்துக்குள் வந்து சேர்ந்தது ஜெர்மன் கத்திதான்.

என் கேள்வி ஒன்றே. தீட்டி முடிந்தது என்று எப்படித் தெரிகிறது? தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய் அதைவிட நூறு மடங்கு மெல்லியது. கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. மழுங்கிய இடம் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடாக மின்னும், அதைப் பார்க்கலாம். மின்னாத வாய் எவ்வளவு கூர் என்பதைக் கண் சொல்லாது.

கல்லை நனைத்துக் கத்தியைப் படுக்க வைத்தார். சவரக்கத்தியில் ஒரு வசதி உண்டு. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்தால் கோணம் தானாக அமைந்துவிடும், ஏறத்தாழ 16, 17 டிகிரி. அரிவாள் தீட்டுகிறவர் கையால் காக்க வேண்டிய கோணத்தை இங்கே முதுகு காத்துக்கொள்கிறது. கல்லில் வாய் முன்னால் போக வேண்டும். வாரில் நேரெதிர், முதுகு முன்னால். இரண்டிலும் கத்தியைத் திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டி வாரை அறுத்து, அடி வாங்கித்தான் எல்லோரும் பழகினார்களாம். கல் நடுவில் குழிந்திருந்தால் என்ன தீட்டினாலும் வாய் சீராக வராது என்பதை இரண்டு முறை சொன்னார். தம்பி மகன்கள் கேட்கவில்லை என்ற குறை அதில் இருந்தது.

பிறகு நகம். கட்டைவிரல் நகத்தைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு, கத்தியை அதன் எடையிலேயே நகத்தின் மேல் வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்தார். "வழுக்குச்சுன்னா மொட்டை. தடுக்கித் தடுக்கி வந்தா பல்லு விழுந்திருக்கு. ஒரே சீராப் பிடிச்சுக்கிட்டே வரணும்." மூன்றையும் என் நகத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டும் சீராக வந்தன. மூன்றாவது நடுவில் ஓரிடத்தில் தயங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எதுவும் தெரியவில்லை. நகத்துக்குத் தெரிந்தது.

நகம் சொல்வதை முழுக்க நம்பவும் முடியாது. அளவுக்கு மேல் தீட்டினால் வாயின் ஓரத்தில் உலோகம் மெல்லிய பிசிறாக நீண்டு நிற்கும். அந்தப் பிசிறும் நகத்தை நன்றாகவே பிடிக்கும். முகத்தில் வைத்தால் ஒடிந்தும் மடங்கியும் தோலைப் பிய்க்கும். அதனால் நகச் சோதனை கல்லோடு சரி. வாரில் இழுத்த கத்தியை நகத்தில் வைத்தால் செய்த வேலை கெடும். அதற்கப்புறம் விரல் நுனிதான். ஈரவிரலை வாயின் குறுக்கே, தொட்டும் தொடாமலும் நகர்த்த வேண்டும். நெடுக்கே நகர்த்தினால் ரத்தம். நல்ல கத்தி விரலில் ஒட்டுவது போலிருக்கும்.

தொங்கும் முடியை அறுத்துக் காட்டும் வித்தையையும் கேட்டேன். சினிமாவில் காட்டுவது அதைத்தான். பெரியவருக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. எண்ணெய் தேய்த்த முடி வாயில் வழுக்கும், குளித்துக் காய்ந்த முடி அறுபடும். குழந்தை முடி ஒன்று, எருமை மேய்க்கிறவர் முடி வேறொன்று. முடியின் மேல் செதில்கள் நுனியைப் பார்த்து அடுக்கியிருப்பதால் வேர்ப்பக்கம் பிடிப்பதா, நுனிப்பக்கம் பிடிப்பதா என்பதிலேயே முடிவு மாறிவிடும். ஒரே தலையின் முடியை ஒரே மாதிரி பிடித்து இரண்டு கத்திகளை ஒப்பிடலாம், அவ்வளவுதான். முன்கை முடியைத் தோல் படாமல் மேலாக அறுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். அந்தக் காலத்தில் அவருடைய இடக்கையில் முடியே இருக்காதாம்.

"முடிதான் தம்பி கத்தியைத் தின்னுறது" என்று அவர் சொன்னபோது 2020இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவர பிளேடை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, வாயைத் தேய்த்து உருட்டுவதைவிடச் சில்லுச் சில்லாக உடைக்கிறது. முடி வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்த உடைப்பு நேர்கிறது. பெரியவர் இதற்கு வைத்திருந்த மருந்து தண்ணீர். தாடியை ஊறவிடாமல் கத்தியைத் தொட மாட்டார். அவசரப்படும் ஆட்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டாம்.

கடைசி சோதனை ஆளின் முகம். கத்தி சரியாக இருந்தால் சத்தம் மெலிந்து ஒரே இழையாக வரும், சவரம் செய்துகொள்கிறவர் தூங்கிவிடுவார். புருவம் சுருங்கினால் கத்தியை எடுத்து வாரில் இழுக்க வேண்டும். குழந்தைக்கு முதல் மொட்டை அடிக்கும்போதுதான் மிகக் கூரான கத்தியை எடுப்பாராம். மழுங்கிய கத்திதான் அழுத்தச் சொல்லும், அழுத்தினால்தான் வெட்டும்.

திரும்பும் வழியில் சமயபுரத்தில் இறங்கி மொட்டையடிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கூர் பார்க்கவில்லை. பிளேடு இழுத்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறார்கள். கூர் பார்க்கும் வேலை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அறநிலையத்துறைக் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் அரசு அறிவித்தது, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. பெரியவர் காலத்தில் கூலி என்பது அறுப்பு முடிந்து களத்தில் அளக்கும் நெல். அளக்கும் கை தாராளமாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் காலத்தை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றுமில்லை.

பிளேடு வந்ததிலும் எனக்கு வருத்தமில்லை. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு பொதுக் கத்தியைப் பற்றிய பயம் மெல்ல ஊர் ஊராகப் பரவியது. "டெட்டால்ல முக்கிக் காட்டுனாலும் நம்பல" என்றார் பெரியவர். நம்பாதது சரிதான். மஞ்சள் காமாலையில் ஒரு வகையும் ரத்தம் வழியாகப் பரவக்கூடியது. கத்தியைக் கொதிக்க வைக்கலாம். எல்லாக் கத்தியும் உரசிப் போகும் தோல்வாரை எப்படிக் கொதிக்க வைப்பது?

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் கத்தி கிடந்தால் முதலில் துரு வாய்வரை அரித்திருக்கிறதா என்று பாருங்கள். அரித்திருந்தால் கண்ணாடி அலமாரிக்குத்தான் ஆகும். இல்லையென்றால் தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாரித்து எஃகின் பதம் போய்விடும். தீட்டி வந்த பிறகு உங்கள் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.