சிறிய காரும் ஸ்பிரிங்கின் கடினமும்

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி சாய்கிறதே என்று, அன்றாடம் தேனிக்கும் கம்பத்துக்கும் போய்வருகிற சிறிய காருக்குக் கடினமான ஸ்பிரிங் மாட்ட விரும்பும் நண்பர்கள், தங்கள் பிரயாணத்தின் பெரும்பகுதி சமவெளியிலும், சின்னமனூர், உத்தமபாளையம் போன்ற ஊர்களின் வேகத்தடைகள் மீதுமே கழிவதைச் சற்றே சிந்திக்க வேண்டுமென விநயமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

விநாடிக்கு 1 முதல் 1.5 முறை மேலும் கீழும் அசையும் வண்டியே சரீரத்துக்கு இதமானது. கடினத்தை 20 சதவீதம் கூட்டினால் அந்த அசைவு வேகம் ஏறக்குறைய 10 சதவீதமே உயருமாதலால், அதுவரை பாதகமில்லை. அதற்கு மேற்பட்டால், பழைய ஷாக் அப்சார்பரால் துள்ளலை அடக்க இயலாமல், தடையைத் தாண்டிய பின்னும் பின்ஸீட்டில் அமர்ந்த தாயாரின் முதுகு குலுங்கிக்கொண்டே இருக்கும். குடும்பமும் திராட்சைப் பெட்டிகளும் ஏறினால் தாழ்வது பின்பக்கமே. கூட்டுவதை அங்கே கூட்டலாம். சாய்வு மட்டுமே கவலையெனில், ஸ்பிரிங்கைத் தொடாமல் ஸ்டெபிலைசர் பாரை மாற்றுங்கள்.