சுளகு பிடித்தது யார்?

கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் ஏழு நிற மணல் பொட்டலம் வாங்காமல் ஊர் திரும்பியிருக்க மாட்டீர்கள். (கூட வாங்கிய பாசிமாலை என்றைக்கோ அறுந்திருக்கும். மணல் இன்னும் ஷோகேஸில் இருக்கும்!) எங்கள் ஆச்சிக்கு மணலைக் காசுக்கு விற்பதே பிடிக்காது. ‘‘கல்யாணச் சோறுலே மக்கா அது!’’ என்பாள்.

கதை தெரியும்தானே? சுசீந்திரத்து மாப்பிள்ளை வந்துகொண்டிருக்க, நாரதர் சேவலாகக் கூவிவைக்க, விடிந்துவிட்டது என்று மாப்பிள்ளை திரும்ப... கல்யாணம் நின்றது. அரிசி பருப்பெல்லாம் மணலாயிற்று. சிவப்பு, குத்தரிசி. கறுப்பு, உளுந்து. ‘‘பின்னே, தானாவா இப்பிடித் தனித்தனியாக் கெடக்கும்?’’

லேசுப்பட்ட கேள்வியல்ல. மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் நானே பார்த்திருக்கிறேன். கறுப்பு ஒரு வரி, சிவப்பு ஒரு வரி, யாரோ கோடு போட்ட மாதிரி. குருட்டாம்போக்கில் இப்படி அமையாது. அதற்காக யாரும் உட்கார்ந்து பொறுக்கவும் இல்லை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். சாதா மணல் தண்ணீரைப்போல 2.6 மடங்கு கனம். கார்னெட் சுமார் 4, இல்மனைட் 4.7. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கி வரும். இறங்கும்போது லேசானதை இழுத்துப் போகும். ஆச்சியின் சுளகும் அதைத்தானே செய்கிறது? ஆனால் சுளகைப் பிடிக்க ஆச்சியின் கை வேண்டும். அலைக்கு அது வேண்டாம்.

சுசீந்திரம் கோயிலில் தட்டினால் ஸ்வரம் பேசும் கல்தூண்கள் வேறு சங்கதி. கோடி வருஷம் அலை அடித்தாலும் ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகத் தூண் செதுக்காது. அது உளி. ஆக, ஒன்று அபூர்வமாக இருந்தால் மட்டும் போதாது. கை இல்லாமல் நடக்க வழி உண்டா என்று பார்க்கணும். இந்தக் கணக்கை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2004 டிசம்பர் 26 வரை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு காலையிலேயே குளச்சல் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. முந்தின ராத்திரி சின்னவளுக்குக் காய்ச்சல். போகவில்லை. சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி நழுவி, அலை இலங்கையைச் சுற்றி, குமரிமுனையையும் வளைத்து, மேற்குக் கரையில் இருக்கும் குளச்சலுக்கே வந்துவிட்டது.

‘‘அம்மன்தான் காய்ச்சலாட்டு வந்து நம்மளக் காப்பாத்துனா’’ என்று வீட்டுக்காரி அழுதாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கெல்லாம் எங்கே போச்சோ! பத்துத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன்.

நாலாம் நாள், கூட வேலை பார்க்கும் கொட்டில்பாட்டு நண்பரைத் தேடி நிவாரண முகாமுக்குப் போனேன். அவருடைய அம்மை வெளியூரில் மகள் வீட்டில் இருந்தவள். கிறிஸ்துமஸுக்கென்று முந்தின நாள்தான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ‘‘ஒரு நாள் பிந்தியிருந்தா...’’ என்றவர் மேலே பேசவில்லை.

அம்மன் கதை என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் காய்ச்சலுக்கு ஒரு கை காரணம் என்றால், அந்தப் பஸ்ஸுக்கும் அதே கைதானே காரணமாகணும்? அவர் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்ல? அன்று கடற்கரைக்குக் கிளம்பிய எத்தனையோ வீடுகளில் ஒன்றிரண்டில் காய்ச்சல் வரத்தான் செய்யும். அந்த வீட்டுக்காரர்கள்தான் கதை சொல்ல மிஞ்சுகிறார்கள். மணலைக்கூட கனம் பார்த்துப் பிரிக்கிற கடல், அன்றைக்கு மனுஷனை எதையும் பார்த்துப் பிரிக்கவில்லை.

சின்னவளுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. ‘‘அன்னைக்கு நான்தானே உங்க எல்லாரையும் காப்பாத்துனேன்!’’ என்று வரும்போதெல்லாம் கேலி பண்ணுவாள். ஆமாம் என்று தலையாட்டுவேன். நேர்ந்த பத்துத் தேங்காயையும் உடைத்தாயிற்று. பிள்ளைகள் பிழைத்த சந்தோஷம், வேறென்ன? ஆனால் எங்களை யார் காப்பாற்றினார் என்று மட்டும் அந்த நண்பரிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.