முதற்படியில் அமர்ந்திருப்பவர்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குச் சென்று வந்தவர்கள் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டிருக்கக்கூடும். எச்.ஐ.வி. பரிசோதனையும் அதற்கு முன்னும் பின்னுமான உரையாடலும் நடக்கிற இடம் அது. ஒரு மேசை, எதிரெதிரே நாற்காலிகள், சுவரில் சில விளக்கப் படங்கள். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை ஆவணங்கள் 'ஆற்றுப்படுத்துநர்' என்றும் 'ஆலோசகர்' என்றும் குறிக்கின்றன. பேச்சு வழக்கில் அவர் கவுன்சிலர். மூன்றில் நமக்கு உவப்பானது முதற்சொல்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு அச்சொல்லைக் கேட்டதும் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் போகாது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை பக்தனை முருகனிடம் செலுத்துகிறது. ஏனைய நான்கில், பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன் வழியில் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், எந்த மலைப்பாதையில் என்ன இடர் நேரும், எங்கே தங்கலாம் என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறான். வகுப்பில் இதை நடத்தும்போது நாம் ஒன்றை வற்புறுத்துவதுண்டு. வழி சொல்பவன் அரசனும் அல்லன், புலமை மிக்க ஆசானும் அல்லன். நேற்றுவரை அதே பசியோடு அதே வழியில் நடந்தவன். அவன் சொல்லுக்கு மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஆற்றுப்படுத்தும் தொழிலுக்கு இன்று வருகிற இளைஞர்கள் எந்த வாசல் வழியாக வருகிறார்கள், வந்தவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

நாம் பணியாற்றுவது ராயபுரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில். தமிழ்த்துறை என்றாலும் எல்லாத் துறை மாணவர்களும் பகுதி ஒன்று தமிழுக்கு நம்மிடம் வந்தாக வேண்டும். காசிமேட்டு விசைப்படகுகளில் கடலுக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள் பலர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இவர்களில் உளவியலோ சமூகவியலோ எடுத்த சிலர் இறுதியாண்டில் தயங்கித் தயங்கி வந்து கேட்பார்கள். "ஐயா, கவுன்சிலர் வேலைக்கு எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

அந்தச் சொல்லே நம் ஊரில் ஒரு சிடுக்கு. தன் மகள் கவுன்சிலர் ஆகிவிட்டாள் என்று ஒரு தந்தை தெருவில் சொல்லப்போக, எந்த வார்டு, எந்தக் கட்சி என்று கேட்டார்களாம். மறுநாள் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். கவுன்சிலிங் என்று விளக்கினாலும் தீராது. தமிழ்நாட்டில் அச்சொல்லுக்குப் பொறியியல் இடம் பிடிப்பது என்றே பொருள். மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து அவர் துயரத்தைக் கேட்பது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்பதை நம் சமூகம் இன்னும் முழுதாக நம்பவில்லை.

அந்தத் தந்தையின் மகள் நம் மாணவி. சமூகப்பணியில் முதுகலை முடித்து, வட சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் நம்பிக்கை மையத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அவர் சேர்ந்த நாற்காலிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாக இருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளரிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. நோய் இங்கே இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அப்போது மருந்தில்லை. அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளியிடம் கொடுப்பதற்கு இருந்தவற்றுள் முதன்மையானது பேச்சுதான். மருந்துக்கு முன்பே ஆற்றுப்படுத்துதல் ஒரு பணியாக உருவானதன் பின்னணி இது. தன்விருப்பப் பரிசோதனை மையங்களும், தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் மையங்களும் 2006 வாக்கில் ஒருங்கிணைக்கப்பட்டன. அவையே தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்கள்.

துறைமுகப் பகுதிக்கு இந்த மேசை எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை இங்குள்ளோர் அறிவர். வீட்டைவிட்டு வாரக்கணக்கில் சாலையில் வாழ்கிற ஓட்டுநர்கள், ஆழ்கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அந்த நாற்காலியில் வந்து அமர்கிறார்கள். பெருந்தொகையினர் கருவுற்ற பெண்கள். பேறுகாலப் பரிசோதனைகளோடு இதுவும் ஒன்றாகச் செய்யப்படுகிறது.

நம் மாணவி ஒருபோதும் எந்தத் தனி மனிதரைப் பற்றியும் நம்மிடம் பேசியதில்லை. பேசவும் கூடாது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் ஒருவரின் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. தொழிலைப் பற்றி மட்டும் பேசுவார். அப்படி ஒருமுறை சொன்னார். பாடத்தில் படித்துவிட்டு வந்தபோது, முடிவைக் கேட்டதும் பெண்கள் நோயைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். பதில்களும் ஆயத்தமாக இருந்தன. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. முறையாக மருந்து உட்கொண்டால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஆனால் முதற்கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருமாம். "வெளிய மாமியா குந்திகினு கீது. அதாண்ட இன்னா சொல்றது?"

நோய் பத்தாண்டு தள்ளி இருக்கிறது. மாமியார் பத்தடி தூரத்தில் இருக்கிறார். சதவீதக் கணக்கை அப்படியே வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியேறும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, மாதாமாதம் மருத்துவமனைக்கு வருவதற்கு என்ன காரணம் சொல்வது, கணவரிடம் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் பேசுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து யோசிக்க வேண்டும். அதன் பிறகே அந்தச் சதவீதம் காதில் விழும். அதையும் கூடையிலிருக்கும் நண்டு, மீன் கணக்கில் சொன்னால்தான் விழும் என்றார். பாடநூல் தமிழில் பேசினால் அரசு அலுவலர் பேசுவதாக நினைத்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார்களாம்.

இதைக் கேட்டபோது நமக்கு நினைவுக்கு வந்தவர் கார்ல் ரோஜர்ஸ். உளவியல் வகுப்புகளில் பெரிய மேதையாகவே அறிமுகமாகிறவர். அவர் 1928 முதல் 1940 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், சிக்கலில் மாட்டிய சிறுவர்களை ஆராயும் சாதாரண நிலையம் ஒன்றில் பணியாற்றினார். அங்கே அடங்காத சிறுவன் ஒருவனின் தாயிடம் அவள் குறையை விளங்கவைக்கப் பலநாள் முயன்று தோற்று, இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். கதவுவரை போன அந்தத் தாய் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சிலிங் உண்டா என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து தன் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினாள். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்கே தெரியும், அவர் பின்னால் நடந்தால் போதும் என்ற தம் புகழ்பெற்ற கருத்துக்கு வித்திட்ட அனுபவங்களுள் ஒன்றாக ரோஜர்ஸ் இதைப் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கருத்தை அவருக்குக் கற்றுத்தந்தது ஒரு கீழ்நிலை வேலை.

சென்னையில் இத்தொழிலுக்கு வேறு வாசல்களும் உண்டு. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை குடிநோய் சிகிச்சைக்கு முன்னோடி. குடியிலிருந்து மீண்டவர்களே பிறரை மீட்க அமர்வது இத்துறையில் உலகெங்கும் உள்ள வழக்கம். 1998இல் சென்னையில் உருவான, எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் கூட்டமைப்பும் அப்படிப்பட்டதே. பாணன் பாணனுக்கு வழி சொல்வது என்பது இதுதான். தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகாவில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார்கள். அரசின் 104 சேவை, 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 மனநல உதவி எண் ஆகியவற்றிலும் இளைஞர்களுக்கு இடமிருக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் தோற்ற மாணவர்களின் குரலைக் கேட்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று.

இந்த வாசல்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றுண்டு. மிகக் கடினமான தருணத்தில் இருக்கிற மனிதரை, பணியில் மிக இளையவர், மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர் சந்திக்கிறார். பிற தொழில்களில் தொடக்கநிலை என்பது எளிய வேலை. இங்கே தொடக்கநிலைதான் தொழிலின் உச்சம். அனுபவம் கூடக்கூட ஆள் மேற்பார்வையாளர் ஆகிறார், மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறார், கோப்புகளோடு பேசுகிறார். ஏணி மனிதரிடமிருந்து விலகி மேலே செல்கிறது. ஏற விரும்பாதவர் ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு அதே படியில் இருக்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு கட்டாயம் என்பதற்கு 1992 முதலே சட்டம் உண்டு. ஆற்றுப்படுத்துநருக்கு அத்தகைய பதிவேடு நெடுங்காலம் இருந்ததில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். மாட்டாதவர் பத்தாண்டு உழைத்ததற்குச் சான்றும் இல்லை. 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் இவர்களையும், எச்.ஐ.வி. ஆற்றுப்படுத்துநர் உட்பட, பெயர் சொல்லிச் சேர்த்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. நல்ல செய்திகள்தாம். ஆயினும் கல்லூரி வாழ்வை அறிந்த நமக்கு ஓர் ஐயம் உண்டு. கையிலிருக்கும் விரிவுரையாளருக்கே கூடுதல் பொறுப்பாக இன்னொரு கோப்பைக் கொடுத்துப் பணியை முடித்துக்கொள்வது நம் நிறுவனங்களுக்குப் பழக்கமான கலை. முப்பது மாணவருக்கு வழிகாட்டி என்று நம் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் கையெழுத்துகள் நிறைய உண்டு. எவருடைய துயரமும் இல்லை.

ஊதியத்தைவிடவும் நம் மாணவியைத் தளர்த்துவது வேறொன்று. நாள் முழுதும் கேட்டவற்றை அவர் வீட்டில் சொல்ல முடியாது, நண்பர்களிடம் சொல்ல முடியாது. கேட்பவரைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அனுபவம் மிக்க மூத்தவர் ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்து, பெயர் நீக்கி, அன்றன்று தைத்த முட்களை எடுத்துவிட வேண்டும். மேல்நாடுகளில் இது தொழிலின் பிரிக்கமுடியாத உறுப்பு. இங்கே மேற்பார்வை என்றால் எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்ற எண்ணிக்கையைச் சரிபார்ப்பதாகவே முடிந்துவிடுகிறது.

ஐந்தாம் ஆண்டில் அவருக்குத் தனியார் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை வந்தது. ஊதியம் ஏறத்தாழ இருமடங்கு. தந்தையால் முன்போல் மூட்டை தூக்க முடியவில்லை. நம்மிடம் வந்தபோது, போகலாமா என்று அவர் கேட்கவில்லை. "போறதுல வருத்தமில்லைங்கய்யா. அந்த நாற்காலிக்கு நாளைக்கு வர்ற பொண்ணுக்கு யாரு சொல்லிக்குடுப்பாங்க?" என்றார். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு நோயாளியின் பெயரும் இல்லை. மருந்து கொடுக்கும் பிரிவில் எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்தப் பேருந்தில் போனால் தெரிந்தவர் கண்ணில் படாமல் போகலாம், எந்தச் செவிலியரிடம் அழைத்துச் சென்றால் கடிந்து பேசமாட்டார், எந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது, அழுகிறவர் முன்னால் எப்போது தண்ணீர்க் குவளையை நகர்த்த வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தார். பத்துப்பாட்டை இருபதாண்டுகளாக நடத்திவருகிற நாம், இப்படியோர் ஆற்றுப்படையைக் கையில் வாங்கிப் படித்தது அன்றுதான்.

அவர் போய்விட்டார். நோட்டு அடுத்தவரிடம் இருக்கிறது.

இப்போது இறுதியாண்டு மாணவர்கள் வந்து கேட்டால், சேராதீர்கள் என்று நாம் சொல்வதில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சேரச் சொல்கிறோம். நீங்கள் அமரப்போகும் அறைக்குச் சாத்தக்கூடிய கதவு இருக்கிறதா? கேட்டதை இறக்கிவைக்க உங்களுக்கு மூத்தவர் யாரேனும் இருக்கிறாரா? உங்கள் உழைப்புக்கு ஆண்டுதோறும் எழுத்தில் சான்று தருவார்களா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை அரிதாகவே வருகிறது. இரண்டுக்கு வந்தாலும் போங்கள் என்கிறோம். போனவுடன் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம்.