பத்து நிமிட பரதநாட்டியம்

கோயமுத்தூர் கல்யாண மண்டபங்களில் இப்போது ரிசப்ஷனுக்கு மெல்லிசைக் குழுவோடு ஒரு பரதநாட்டியமும் வைக்கிறார்கள். கம்பெனி ஆண்டு விழா, கடைத் திறப்பு விழா என்றாலும் அப்படித்தான். ஒரே ஒரு பெண், பத்து நிமிடம். என் மகள் வயிற்றுப் பேத்தி அரங்கேற்றம் முடித்து, இப்படி ஆடப் போகிறவள். ராத்திரி நேரம் என்பதால் துணைக்கு நான் போவேன்.

பத்து நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். முகத்துக்கு அரிதாரம், தலைக்குச் சூரிய சந்திரப் பிறை, ஜடை, கைகாலுக்குச் சிவப்பு, சலங்கை என்று அலங்காரத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகிறது. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் என நாலு பேரைக் கூட்டிப் போக இந்தச் சம்பளம் கட்டாது. அதனால் பாட்டு பென் டிரைவில்தான். மண்டப மேடையோ பலகை மேல் விரித்த கார்ப்பெட். தட்டும்போது சத்தம் எழாது, கால் வழுக்கும். சில இடங்களில் வெறும் கிரானைட். அதில் அரைமண்டியில் ஆடினால் முழங்காலுக்கு என்ன ஆகும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பரதத்தில் தனி ஆட்டத்துக்கு ஏகாஹார்யம் என்று பெயர். ஒரே வேஷத்தில் ஒருத்தியே எல்லாப் பாத்திரமும் ஆக வேண்டும். கண்ணன் மண்ணைத் தின்பான். தோளைத் திருப்பினால் அவளே யசோதை. பார்வையும் கழுத்தும்தான் ஆளை மாற்றுகின்றன. பார்க்கிறவர் அரை நிமிடம் செல்போனில் கண்ணைப் போட்டால் கதை விட்டுப்போகும்.

போன வருடம் ஒரு ரிசப்ஷனில் இந்தக் கதையைத்தான் ஆடினாள். வீடியோக்காரர்கள் முன்னால் மறைத்து நின்றார்கள். பரிசுப் பொட்டலங்களோடு மேடையின் குறுக்கே ஆட்கள் போனார்கள். யசோதை "வாயைத் திற" என்று கேட்கும் இடம். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்துவிட்டார்கள் என்று மைக்கில் சொன்னதும் பாட்டு நின்றுவிட்டது. அவள் நமஸ்காரம் செய்துவிட்டு இறங்கினாள்.

காரில், "கால் வலிக்குதா அம்மிணி?" என்றேன்.

"கால் பரவால்லீங்க அப்புச்சி. கண்ணன் வாயவே திறக்கலீங்களே" என்றாள். இனிமேல் கல்யாணத்துக்கு ஆடுவதில்லை என்றும் சொன்னாள்.

உறவில் ஒருவர், "நல்லதாப் போச்சு, கல்யாணத்துல போய் ஆடறது கௌரவமா?" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தஞ்சாவூர், சென்னைப் பக்கம் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சதிர்க் கச்சேரி வைப்பது ஒரு காலத்தில் பெருமை. 1890களில் நாட்டிய எதிர்ப்பு இயக்கம் வந்தபின் அது அருகிப் போனது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடியது போன்றவை வேறு வீட்டுப் பெண்களுக்கும் மேடையைத் திறந்துவிட்டன. பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி உலகம் முழுக்க ஆடிப் பேர் வாங்கினார். கல்யாண வீட்டில் ஆடுவது இந்தக் கலைக்கு இழுக்காக இருந்ததில்லை. அந்த வீடுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கும் இது புதிதல்ல. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்தை ஒருவர் தனியாக நின்றுதான் பாடுகிறார். அது முடியும்வரை அடுத்த காரியம் நடக்காது. பேரூர்க் கனகசபையில் ஊர்த்துவ தாண்டவச் சிற்பத்தின் முன் நாம் எவ்வளவு நேரம் நிற்கிறோம்! உயிரோடு ஆடுகிற பிள்ளைக்கு அதில் பாதி நேரம் தரலாம்.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்பறம் அவங்கதானுங்க அப்புச்சி பாக்கோணும்?" என்றாள். அது நியாயமான கேள்வி. பிறகு ஒரு வழி செய்தாள். கூப்பிடுகிறவர்களிடம் போனிலேயே தன் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறாள். இரண்டு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். அங்கே கண்ணன் வாயைத் திறந்தான். ஆடி முடித்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு ஆத்தா அவள் கையைப் பிடித்து, "உள்ள என்ன கண்ணு தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாரையாவது ஆடக் கூப்பிட்டால், அந்த நிபந்தனைகளை ஞாபகம் வையுங்கள். கார்ப்பெட்டை எடுத்துவிட்டுக் கெட்டியான பலகை போடுங்கள். மாப்பிள்ளை, பெண் வந்து உட்கார்ந்த பிறகு, வாழ்த்த வருகிற வரிசை தொடங்கும் முன் ஆட விடுங்கள். கேமராக்காரர்களை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். பாட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மத்தியானத்திலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.