முற்றும் குணந்தானா?

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் கலைந்த பின்னர், அன்பர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்து, "வீட்டம்மாளுக்குப் புற்றுநோய் கண்டிருந்ததே, இப்பொழுது முற்றும் குணந்தானே?" என்று பரிவோடு வினவினார். ஆம் என்று கூற நா எழவில்லை. இல்லை என்று கூற மனம் வரவில்லை. அன்று அளிக்க இயலாத விடையை இவ்விதழ் வாயிலாக அளிக்க விழைகின்றோம். எங்களைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து, உற்றார் துணையின்றி நோயை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

பிழைப்பை நாடி நாங்கள் சூளூர்பேட்டைக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகின்றன. ரயில் நிலையத்தில் குமாஸ்தா உத்தியோகம்; பள்ளியிறுதி வகுப்போடு நின்ற படிப்பு. ஆகையால் வைத்திய நூல் வல்லவரைப் போல் எழுத முற்படவில்லை. பட்டறிந்ததையும், வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையுமே எழுதுகின்றோம்.

2018ஆம் ஆண்டில், எங்கள் இல்லத்தரசி தண்ணீர் பருகும்பொழுது கழுத்தில் சிறு கட்டி ஒன்று ஏறி இறங்குவதை முதலிற் கண்டவர் அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார். நோவு இல்லாமையால் நாங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவ்வம்மையார்தாம் விடாது வற்புறுத்தி எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பியில் புற்று என்றும், பெரும்பாலும் நன்கு குணப்படும் வகையே என்றும் வைத்தியர் கூறினார். ரண சிகிச்சையில் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது. அதனை ஒட்டியுள்ள நான்கு சிறு சுரப்பிகள் அதனால் நலிவுற்று, உடலில் சுண்ணச்சத்துக் குறைந்தது. விரல் நுனிகள் மரத்தன. அதற்கும் மாத்திரை ஏற்பட்டது.

அடுத்தது கதிரியக்க அயோடின். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபொழுது, பாலோடு கலந்து சென்று குழந்தைகள் பலருக்குத் தைராய்டுப் புற்றை விளைவித்ததும் இப்பொருளே. வைத்தியர் அளவறிந்து கொடுக்கும்பொழுது இதுவே எஞ்சிய புற்றணுக்களைத் தேடிச் சென்று அழிக்கின்றது. ஆனால் அதற்கு முன் சில நாட்கள் உடல் அயோடினுக்கு ஏங்கி இருத்தல் வேண்டுமாம். மீன், இறால், பால், முட்டை யாவும் விலக்கு. அயோடின் கலந்த உப்பும் விலக்கு. பழவேற்காட்டு ஏரியின் கரையில் குடியிருந்து மீனை மறப்பது எளிதன்று. உப்போ அதனினும் அரிதாயிற்று. கழலை நோயைத் தடுக்கும் பொருட்டு, அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பது 2006 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. ஊருக்கெல்லாம் நன்மையான அவ்வுப்பு எங்களுக்கு மட்டும் ஆகாமற் போகவே, உப்பேயில்லாத கஞ்சியிலேயே அந்நாட்களைக் கழித்தோம்.

அயோடினை அருந்தியபின் ஆஸ்பத்திரியில் தனியறை வாசம். வீடு திரும்பிய பின்னும் சில நாட்கள் தனியறையே. அப்பொருளின் வீரியம் எட்டு நாளில் பாதியாகும். உமிழ்நீர், வியர்வை, சிறுநீர் வழியாக அது வெளியேறும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்டிரும் அருகில் நெருங்கலாகாது. எங்கள் மகளுக்கு அப்பொழுது நான்கு வயது. தெருவில் விளையாடித் தெலுங்கு பழகியவள். கதவுக்கு வெளியே அமர்ந்து, "அம்ம காவாலி, அம்ம காவாலி" என்று அவள் அழுததும், உள்ளே தாய் வாயைப் பொத்திக்கொண்டதும் இன்றும் மறக்கவில்லை. அண்டை வீட்டு அம்மையார் குழந்தையைத் தம் இல்லத்திற்கு எடுத்துச் சென்று வைத்துக் காத்தார்.

இவ்வளவில் நோய் போயிற்று என்றே எண்ணினோம். ஆயுள் முழுவதும் உண்ண வேண்டிய தைராக்சின் மாத்திரையைச் சத்து மாத்திரை போலக் கருதினோம். காபியோடும் சுண்ணச்சத்து மாத்திரையோடும் சேர்த்து ஒரே வாயில் விழுங்குவதே வழக்கமாயிற்று. இரத்தப் பரிசோதனைக் கணக்குச் சரிவரவில்லை. "அம்மா, எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்ட பின்னரே எங்கள் பிழை விளங்கிற்று. வெறும் வயிற்றில் தண்ணீரோடு உண்டு, ஒரு மணி நேரமாவது கழித்தே காபி அருந்துதல் வேண்டும். சுண்ணச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும். அம்மாத்திரை போன சுரப்பியின் வேலையைச் செய்வதோடு நிற்பதில்லை. எஞ்சிய புற்றணுக்களைத் தூண்டிவிடும் டி.எஸ்.எச். என்னும் சுரப்பு நீரையும் அடக்கி வைக்கின்றது.

இரண்டாம் பிழை பெரிது. 2020 மார்ச்சில் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன; அவ்வாண்டுப் பரிசோதனை தவறியது. வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின, நாங்கள் புறப்படவில்லை. "நலமாகத்தானே இருக்கின்றாள், இனி எதற்கு ஆஸ்பத்திரி?" என்றனர் உறவினர். அவர்கள் சொல்லைவிட எங்கள் அச்சமே எங்களைத் தடுத்தது என்பதை ஒளிப்பானேன்? 2022இல், எங்கள் ஊர் நெல்லூர் மாவட்டத்தினின்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வாண்டில், மீண்டும் சென்றோம். தைரோகுளோபுலின் என்னும் புரதத்தின் அளவு உயர்ந்திருந்தது. தைராய்டு அணுக்கள் மட்டுமே அதனை உண்டாக்கும். மூடப்பட்ட நிலையத்திலிருந்து சீட்டு விற்பனையானால், உள்ளே யாரோ இருக்கின்றார் என்பதுதானே பொருள்? கழுத்தை ஒலியலைக் கருவியால் நோக்கியபொழுது, நெறிக்கட்டியொன்றில் புற்று தங்கியிருந்தது. மீண்டும் ரண சிகிச்சை. பழைய தழும்பின் மேல் புதிய தழும்பு. இன்னும் தாமதித்திருந்தால் என்ற எண்ணத்தை நாங்கள் முடிப்பதில்லை.

இப்பொழுது முறை தவறுவதில்லை. விடியலில் சென்னை செல்லும் முதல் வண்டியின் ஓசை கேட்டதும் மாத்திரை. மணி ஒன்று கழிந்த பின்னரே காபி. வைத்தியர் குறித்த தவணைதோறும் இரத்தப் பரிசோதனையும் கழுத்துப் பரிசோதனையும். பரிசோதனைச் சீட்டுகள் யாவும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் உள்ளன. இளம் பெண்டிர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று: அயோடின் அருந்திய பின் ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை கருவுறலாகாது, பின்னர்க் கருவுற்றால், மாத்திரையை நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செலவுக்கு அஞ்சும் அன்பர்களுக்கு ஒரு சொல். சிகிச்சைக்கோ தொடர் பரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்லும் ஒருவருக்கு நூற்றுக்கு 75 வீதச் சலுகையும் உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தை நிரப்பி வாங்கி வந்தால் போதும். வெட்கப்பட்டு அப்படிவத்தை நீட்டாமல் முழுக் கட்டணம் செலுத்துவோரைச் சீட்டுக் கொடுக்குமிடத்தில் நாங்கள் கண்டதுண்டு. நோய் குற்றமன்று, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் இல்லத்தரசியும் இப்பொழுது முந்தானையால் கழுத்தை மூடுவதில்லை.

தண்டவாளம் செம்மையாக இருக்கின்றதென்று கீமேன் தம் நடையை நிறுத்துவதில்லை. நாள்தோறும் அவர் நடந்து பார்ப்பதனாலேயே வண்டி ஓடுகின்றது. அன்பர் கேட்ட வினாவிற்கு இதுவே எங்கள் விடை: எங்கள் இல்லத்தரசி நலமாக இருக்கின்றார், நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றோம். உங்கள் இல்லத்தில் எவரேனும் தவணை தவறியிருப்பின், இத்திங்களிலேயே புறப்படுங்கள்.